டெக்சஸில் குடும்பத்தோடு கேம்பிங்: எந்த மெம்பர்ஷிப் காசு மிச்சம் பிடிக்கும், எது செலவு வைக்கும்?

கேள்வி சுருக்கமாக இது. டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் குடியிருக்கும் குடும்பம். மகள் நாலாவது, மகன் ஒன்றாவது. கிரீன் கார்டில் வந்து கூடவே இருக்கும் அப்பா அம்மா. அப்பாவுக்கு 66 வயது. மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக்கில் டென்ட் போட்டுத் தங்கியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வீட்டில் ஒரே சம்பளம். கேம்பிங் சாமான் விற்கும் ஆர்இஐ கடையில் மெம்பர்ஷிப் எடுத்து, புதிதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, பாயிண்டுகளைச் சேர்த்து இந்தப் பயணத்தை ஒப்பேற்ற முடியுமா?

முடியும். ஆனால் ஆர்இஐ-யையும் கிரெடிட் கார்டையும் வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பெரிய சலுகைகள் சும்மா கிடக்கின்றன. ஒன்று, அப்பாவின் வயதும் கிரீன் கார்டும். இன்னொன்று, மகள் இந்த வருடம் நாலாம் வகுப்பில் இருப்பது. இவற்றோடு டெக்சஸ் மாநிலப் பூங்கா பாஸையும் சேர்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் மேலே தூவும் கொத்தமல்லி.

கேம்பிங்கில் காசு போகும் வழிகள் ஐந்து: பூங்கா நுழைவுக் கட்டணம், டென்ட் போடும் இடமான தளத்தின் இரவு வாடகை, சாமான், பெட்ரோல், சாப்பாடு. இவற்றில் சாமான்தான் ஆளை அடிக்கும். நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு டென்ட், தூங்கும் பை, காற்று மெத்தை, அடுப்பு, விளக்கு, கூலர் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போனால் பில் ஆயிரம் டாலரை எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு நல்ல ஹோட்டலில் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம். கடைகளும் வங்கிகளும் விளம்பரம் செய்யும் மெம்பர்ஷிப்புகள் பெரும்பாலும் இந்தச் சாமான் பக்கம்தான் நிற்கின்றன. வாங்கினால்தான் உங்களுக்கு ஏதாவது திரும்பி வரும். அரசாங்க பாஸ்கள் நுழைவிலும் வாடகையிலும் நேரடியாகக் கழிக்கின்றன. அவற்றுக்கு டிவியில் விளம்பரம் வராததால் நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதே இல்லை.

டெக்சஸ் ஸ்டேட் பார்க்ஸ் பாஸிலிருந்து தொடங்குகிறேன். ஆண்டுக்கு 70 டாலர். மாநிலத்தின் எண்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் பாஸ்காரரும் அவரோடு அதே வண்டியில் வருபவர்களும் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு எப்படியும் இலவசம். 13 வயதிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். பூங்காவைப் பொறுத்து சில டாலரிலிருந்து 8 டாலர் வரை. முதல் தடவை போகிறவர்கள் இங்கேதான் முழிப்பார்கள். தள வாடகையைக் கட்டியாயிற்று, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நுழைவுக் கட்டணம் வாடகைக்கு மேல் தனி, தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி. தலைக்கு 7 டாலர் வாங்கும் பூங்காவில் நீங்கள் நாலு பெரியவர்கள் இரண்டு இரவு தங்கினால் நுழைவுக்கு மட்டும் 56 டாலர்.

பாஸோடு இன்னொரு சலுகையும் வருகிறது, அதைப் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். ஒரே தளத்தில் அடுத்தடுத்து இரண்டு இரவு தங்கினால் இரண்டாம் இரவுக்குப் பாதி வாடகை. பாஸ் காலாவதியாவதற்குள் இப்படி நான்கு முறை வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரும் மின்சாரமும் உள்ள தளம் ஒரு இரவுக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 12.50 மிச்சம். மேலே சொன்ன 56-ஐயும் சேர்த்தால் 68.50. பாஸின் விலை 70. அதாவது உங்கள் குடும்பத்துக்கு முதல் பயணத்திலேயே பாஸ் கிட்டத்தட்டத் தன் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு அந்த ஓராண்டில் எத்தனை சனிக்கிழமை போனாலும் லாபம்தான். பெற்றோர் இல்லாத, கணவன் மனைவி இரண்டு குழந்தைகள் மட்டும் உள்ள குடும்பம் என்றால் இதே கணக்குக்கு இரண்டு பயணம் தேவைப்படும். வருடத்துக்கு ஒரே தடவை போகிறவர்கள் பாஸ் வாங்காமல் நேராகக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போவது மேல்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. மாநிலப் பூங்காக்களில் ஒரு தளத்தில் பொதுவாக 8 பேர் வரை தங்கலாம். நீங்கள் ஆறு பேர். கணவனும் மனைவியுமாக ஒரு நண்பர் ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் வாடகை பாதியாகப் பிரியும். அவர்களிடம் டென்ட் இருந்தால் இரட்டை லாபம். அவர்கள் வேறு வண்டியில் வந்தால் உங்கள் பாஸ் அவர்களுக்குச் செல்லாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூங்கா வாசலில் பணப் பேச்சு எழுந்தால் நட்புக்கு நல்லதல்ல.

அடுத்தது அப்பா. 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும், அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், மத்திய அரசு சீனியர் பாஸ் தருகிறது. வாழ்நாள் பாஸ் 80 டாலர்; ஓராண்டு பாஸ் 20 டாலர். 2017 ஆகஸ்ட் வரை இந்த வாழ்நாள் பாஸ் வெறும் 10 டாலராக இருந்தது, அது வேறு கதை. 80 டாலர் இப்போது பாரமாகத் தெரிந்தால் 20 டாலர் பாஸையே எடுங்கள். நாலு ஆண்டு பாஸ்கள் சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து வாழ்நாள் பாஸாக மாற்றிக்கொள்ளலாம், ஒரு காசும் வீணாகாது.

தேசியப் பூங்காக்களில் நுழைவு இலவசம் என்பது இதன் ஒரு பாதி. நமக்கு வேண்டியது மறுபாதி: மத்திய அரசு நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் தள வாடகையில் 50 சதவீதம் தள்ளுபடி. "டாலஸ் பக்கம் தேசியப் பூங்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பூங்கா வேண்டாம், ஏரிகளைப் பாருங்கள். டெக்சோமா, விட்னி, வேக்கோ, ஆஸ்டின் பக்கம் ஜார்ஜ்டவுன் என்று இந்த மாநிலத்தின் பெரிய அணைக்கட்டு ஏரிகள் பலவற்றை நிர்வகிப்பது ராணுவத்தின் பொறியாளர் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் எஞ்ஜினியர்ஸ். அவற்றின் கரைகளில் அவர்களே நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. மின் இணைப்பு, தண்ணீர், மேசை, பெரும்பாலான இடங்களில் குளியலறை. புக்கிங் எல்லாம் ரிக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில். புக் செய்யும்போது பாஸ் எண்ணைப் போட்டால் 30 டாலர் தளம் 15 டாலருக்கு வரும். அந்தக் கணக்கில் வாழ்நாள் பாஸின் 80 டாலரை ஆறே இரவுகளில் எடுத்துவிடலாம், அதன் பிறகு ஆயுசுக்கும் பாதி வாடகை.

நிபந்தனைகள் உண்டு. பாஸ் அப்பா பெயரில் என்றால் அப்பா அங்கே தங்க வேண்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டு கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. செக்-இன் செய்யும்போது பாஸோடு அடையாள அட்டையும் கேட்பார்கள். தள்ளுபடி அவர் தங்கும் ஒரு தளத்துக்குத்தான். குழுத் தளங்களுக்குப் பொருந்தாது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் இந்தப் பாஸ் செல்லாது. அது வேறு அரசு, வேறு கஜானா. அம்மாவுக்கும் 62 ஆகிவிட்டது என்றால் அவருக்கும் தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? ஒரே வண்டியில் ஒரே தளத்துக்குப் போகும்வரை தேவையில்லை. நிரந்தர உடற்குறைபாடு உள்ள குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் இதே சலுகைகளோடு ஆக்சஸ் பாஸ் இலவசமாகவே கிடைக்கிறது. குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

இனி மகள். எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் என்ற திட்டத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு இலவச பாஸ் தருகிறது. ஒபாமா காலத்தில், 2015-இல், வேறு பெயரில் தொடங்கியது. பிள்ளை இணையதளத்தில் ஒரு சின்னப் பயிற்சியைச் செய்து முடித்தால் வவுச்சர் வரும். அதைத் தாளில் அச்சடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களில் வண்டியில் உள்ள எல்லோருக்கும் இலவசம். தலைக்கு வாங்கும் இடங்களில் பிள்ளைகளோடு மூன்று பெரியவர்களுக்கு. தள வாடகை இதில் குறையாது.

உங்களிடம் சீனியர் பாஸ் இருந்தால் இது எதற்கு என்று தோன்றும். அப்பா வர முடியாத பயணங்களுக்கு இது உதவும். நாலாவது முடித்த கோடை விடுமுறையில், ஆகஸ்ட் கடைசிக்குள், நீண்ட பயணம் ஒன்று போவதற்கு இதைவிட நல்ல வருடம் கிடைக்காது. யூட்டா மாநிலத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சையனும் பிரைஸ் கேன்யனும் வண்டிக்கு 35 டாலர், ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் 30, கேப்பிட்டல் ரீஃப் 20. மொத்தம் 150. உங்கள் மகள் கையில் உள்ள தாள் அத்தனையையும் துடைத்துவிடும். மகன் நாலாவது வரும்போது இன்னொரு சுற்று போகலாம்.

பிள்ளைகள் வேறு வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு: தேசியப் பூங்காக்களுக்கான 80 டாலர் அமெரிக்கா த ப்யூட்டிஃபுல் ஆண்டு பாஸை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். மேலே சொன்ன யூட்டா மாதிரிச் சுற்றுக்குச் சரி. டாலஸிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு மட்டும் ஒரு தடவை போய்வரப் போகிறீர்கள் என்றால் வாசலில் 30 டாலர் கட்டிவிட்டுப் போங்கள். 80 கொடுத்து பாஸ் வாங்கி 50 டாலரைத் தொலைக்க வேண்டாம். இன்னொரு பக்கம், ஆர்க்கன்ஸாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. அங்கே போவதற்காக பாஸ் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் மாமனார் மாமியார் வரும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனியர் பாஸ் அவர்களுக்குக் கிடையாது. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு அமெரிக்கா த ப்யூட்டிஃபுல் ஆண்டு பாஸின் விலை 250 டாலர் ஆகிவிட்டது. கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன், சையன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் அந்த பாஸ் இல்லாத வெளிநாட்டவர்களிடம் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். அவர்களோடு போவதென்றால் கிளம்பும் முன் அந்தந்தப் பூங்காவின் பக்கத்தைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். அல்லது அந்த வருடம் மாநிலப் பூங்காக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெக்சஸ் பாஸ் யார் எந்த விசாவில் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

சாமானுக்கு வருகிறேன். முதல் பயணத்துக்கு எதையும் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பிள்ளைகள் முதல் ராத்திரி பத்து மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று அழுதால் அந்த டென்ட் கராஜில்தான் குடியிருக்கும். ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, அர்விங் வட்டாரத் தமிழ் வாட்ஸ்ஆப் குழுக்களில் "டென்ட் இருக்கிறதா?" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், ஒரே தடவை பயன்படுத்திய டென்ட் எத்தனை கராஜில் தூங்குகிறது என்று தெரியும். டெக்சஸ் பூங்காத் துறையே டெக்சஸ் அவுட்டோர் ஃபேமிலி என்று வார இறுதிப் பயிலரங்குகள் நடத்துகிறது. டென்டையும் சமையல் அடுப்பையும் அவர்களே கொடுத்து, எப்படி டென்ட் போடுவது, எப்படி அடுப்பு மூட்டுவது என்று ரேஞ்சர்கள் கூடவே இருந்து சொல்லித் தருவார்கள். சாப்பாடும் படுக்கை விரிப்பும் நாம் கொண்டுபோக வேண்டும். புதிதாக இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தேதி அறிவித்ததும் சீக்கிரம் நிரம்பிவிடும். மகன் கப் ஸ்கவுட் என்ற சிறுவர் சாரணர் அமைப்பில் சேர்ந்தால் அதுவும் ஒரு வழி: அதன் உள்ளூர்க் குழுக்கள் பலவற்றிடம் பொதுச் சாமான் இருக்கும், குடும்ப முகாம்களும் நடக்கும். அதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. கேம்பிங்குக்காக மட்டும் சேர்க்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட ஆர்இஐ. 1938-இல் சியாட்டிலில் மலையேறும் நண்பர்கள் இருபத்துச் சொச்சம் பேர் சேர்ந்து, நல்ல ஐஸ் கோடரி நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய கூட்டுறவு அது. மெம்பர்ஷிப் 30 டாலர், ஆயுசுக்கும் ஒரே தடவை. முழு விலையில் வாங்கும் தகுதியுள்ள பொருள்களுக்குப் பொதுவாக 10 சதவீதம் அடுத்த ஆண்டு மார்ச்சில் ரிவார்டாக வரும். இந்த வாக்கியத்தில் இரண்டு முள் இருக்கிறது. ஒன்று, முழு விலை. தள்ளுபடியில் வாங்கியவற்றுக்கு ரிவார்டு வராது. நம் வீடுகளில் முழு விலைக்கு யார் வாங்குகிறார்கள்? இன்னொன்று, அடுத்த ஆண்டு மார்ச். இந்த மார்ச் பயணத்துக்காக பிப்ரவரியில் வாங்கினால் அதன் பலன் அடுத்த வருடம்தான் கைக்கு வரும், அதுவும் அதே கடையில் மறுபடி செலவழிப்பதற்காக. 30 டாலரை 10 சதவீதத்தில் திருப்பி எடுக்க 300 டாலருக்கு முழு விலையில் வாங்கியாக வேண்டும்.

இருந்தாலும் ஆர்இஐ-யை ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே உறுப்பினர்களுக்கு உண்மையாக உதவுவது வேறு இரண்டு. சில கிளைகளில் டென்ட், தூங்கும் பை போன்றவற்றை வாடகைக்குத் தருகிறார்கள், உறுப்பினருக்குக் குறைந்த வாடகை. ரீசப்ளை என்ற பெயரில் பயன்படுத்திய பொருள்களை நல்ல தள்ளுபடியில் விற்கிறார்கள். முதல் பயணம் நன்றாகப் போய், இனி வருடா வருடம் போகப் போகிறோம் என்று முடிவான பிறகு 30 டாலரைக் கட்டி, பெற்றோருக்கு நல்ல தடிமனான மெத்தைகளை அங்கே பழைய சரக்கில் தேடுங்கள். வயதானவர்களுக்கு மெத்தையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு யோகா மேட் மேல் ஒரு போர்வை போதும்.

உறுப்பினர்கள் ஒரு வருடத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை வைத்து, "வாங்கு, போய் வா, திருப்பிக் கொடு" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. காஸ்ட்கோவைப் பற்றியும் இதே யோசனை ஓடும். செய்யாதீர்கள். கடைகள் கணக்கு வைத்திருக்கின்றன, அடிக்கடி திருப்புகிறவர்களை நிறுத்திவிடுகிறார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும், இதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம்?

காஸ்ட்கோ மெம்பர்ஷிப் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எக்சிகியூட்டிவ் 130 டாலர், சாதாரணம் 65. கூடுதல் 65-ஐ 2 சதவீத ரிவார்டில் எடுக்க ஆண்டுக்கு 3,250 டாலருக்கு அங்கே வாங்க வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டில் அரிசி, எண்ணெய், பால், பழம் என்றே அது தாண்டிவிடும். வருடாந்தர ரிவார்டு வரும்போது அதை மளிகை பில்லில் கரைத்துவிடாமல் கூலருக்கோ டென்டுக்கோ என்று எடுத்து வையுங்கள். எப்படியும் செலவழிக்கப் போகும் பணத்திலிருந்து வரும் ரிவார்டு என்பதால் இது எனக்குப் பிடித்த வகை.

அதே வகையில் இன்னொன்று, க்ரோகர் மளிகைக் கடையின் பெட்ரோல் பாயிண்டுகள். மளிகையில் ஒரு டாலருக்கு ஒரு பாயிண்ட். 100 பாயிண்டுக்கு கேலனுக்கு 10 சென்ட், 1,000 பாயிண்டுக்கு கேலனுக்கு 1 டாலர் குறையும், ஒரு தடவையில் 35 கேலன் வரை. ஒடிஸி வேனில் 18 கேலன் போட்டால் 18 டாலர். பாயிண்டுகள் அடுத்த மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும். ஆகவே மார்ச் நடுவில் பயணம் என்றால் பிப்ரவரி மளிகையை அங்கே வாங்குங்கள். கிஃப்ட் கார்டுகளுக்கு நான்கு மடங்கு பாயிண்ட் தரும் நாள்கள் வரும். அப்போது 250 டாலர் கார்டுக்கே 1,000 பாயிண்ட். நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் கார்டாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

புதிய கிரெடிட் கார்டு? முதல் மூன்று மாதத்தில் 500 டாலர் செலவழித்தால் 200 டாலர் தருகிறோம் என்ற வகைக் கார்டு, ஆண்டுக் கட்டணம் இல்லாதது, ஒன்றே ஒன்று எடுக்கலாம். அந்த 500 வீட்டின் வழக்கமான செலவாக இருக்க வேண்டும், மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ஒரு மாதம் பாக்கி வைத்தால் இருபது சதவீதத்துக்கு மேல் ஓடும் வட்டி அந்த 200-ஐத் தின்ன ஆரம்பித்துவிடும். அடுத்த ஆண்டுக்குள் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இதுவும் வேண்டாம். விமானத்துக்கு மாற்றும் பாயிண்ட் வித்தைகள் கேம்பிங்குக்குப் பயன்படாது. ரொக்கமாகத் திரும்பி வருவதுதான் வேண்டும். சேஸ் வங்கியின் பயணக் கார்டுகளில் கேம்ப்கிரவுண்ட் செலவும் பயணக் கணக்கில் சேரும் என்று அவர்களே பட்டியலிட்டிருக்கிறார்கள், ஆனால் அரசுப் பூங்காக்களில் கட்டும் பணம் சில சமயம் அரசுச் சேவை என்று பதிவாகிவிடும். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கேஓஏ மாதிரித் தனியார் கேம்ப்கிரவுண்டுகளின் ரிவார்டு கார்டு 10 சதவீதம் தரும், சந்தா முப்பது டாலருக்கு மேல். ஊர் ஊராகப் போய் அங்கேயே தங்குகிறவர்களுக்குச் சரி. அம்மாவுக்கு டென்டில் படுக்க முடியாது என்பதற்காக நீங்கள் அந்தப் பக்கம் யோசித்தால், முதலில் மாநிலப் பூங்காக்களின் கேபின்களைப் பாருங்கள். இங்க்ஸ் லேக்கில் ஏசியும் படுக்கையும் உள்ள சின்னக் கேபின்கள் இருக்கின்றன, டைலரில் வலையடித்த ஸ்கிரீன் ஷெல்டர்களும் உண்டு.

வேறு மாநிலத்தில் இருந்து படிப்பவர்களுக்கு இரண்டு வரி. மிசூரி, டென்னசி, ஒஹாயோ, பென்சில்வேனியா, ஆர்க்கன்ஸா மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணமே இல்லை. பாஸ் தேடி அலைய வேண்டாம். கொலராடோ, ஜார்ஜியா, வாஷிங்டன் மாநிலங்களில் பொது நூலகத்திலேயே பூங்கா பாஸை இரவல் எடுக்கலாம். கொலராடோவில் அதைத் தொலைநோக்கியோடு ஒரு முதுகுப் பையில் போட்டே தருகிறார்கள்.

சாப்பாட்டில் எந்த மெம்பர்ஷிப்பும் நம் சமையலறைக்கு ஈடில்லை. பூங்காக் கடையிலும் வழியில் உள்ள உணவகத்திலும் ஆறு பேர் சாப்பிட ஆரம்பித்தால் மேலே மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் காலி. தோசை மாவு கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். கூலரில் ஐஸ் உருகியதும் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், அதைக் கழுவத் தண்ணீர்க் குழாயைத் தேடி அலைய வேண்டும். ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, உப்பும் கலந்து ஜிப்லாக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் கோல்மன் அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. முதல் நாள் ராத்திரிக்குப் புளியோதரை, இரண்டாம் நாளுக்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். அடுப்புக்கான பச்சைநிற புரொபேன் சிலிண்டர் இரண்டு எடுங்கள். டெக்சஸில் வறண்ட காலத்தில் விறகுத் தீக்குத் தடை போட்டிருப்பார்கள், பெரும்பாலும் புரொபேன் அடுப்புக்கு அந்தத் தடை இருக்காது.

எங்கே போவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஃப்ரிஸ்கோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கிளென் ரோஸ் ஊரின் டைனோசர் வேலி மாநிலப் பூங்கா. பாலக்சி ஆற்றின் பாறைப் படுகையில் பதிந்த டைனோசர் காலடித் தடங்களில் பிள்ளைகள் தங்கள் காலை வைத்துப் பார்க்கலாம். மார்ச்சில் ஆற்றில் தண்ணீர் இருந்தால் சில தடங்கள் மூழ்கியிருக்கும். ராத்திரிக் குளிருக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம்.

மாநிலப் பூங்காத் தளங்களை ஐந்து மாதம் முன்னதாகவே திறந்துவிடுகிறார்கள். மார்ச் நடுவாரத்துக்கு அக்டோபர் நடுவிலேயே உட்கார வேண்டும். ஸ்பிரிங் பிரேக் வெள்ளி, சனி இரவுகள் சீக்கிரம் போய்விடும். அந்தத் தேதி இப்போதே தாண்டிவிட்டது என்றால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை தேடுங்கள், பள்ளிதான் விடுமுறை ஆயிற்றே. அதுவும் இல்லையென்றால் ரிக்ரியேஷன் டாட் கவ்-இல் ஏரிக்கரைத் தளங்களை அப்பாவின் பாஸ் எண்ணோடு பாருங்கள். வானிலை அறிக்கை வந்ததும் பலர் ரத்து செய்வார்கள், ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க காலையிலும் ராத்திரியிலும் ஒரு தடவை இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.